இடது குதிகால்

இந்தக் காலத்து ஆட்களுக்குக் குதிகாலே கிடையாது. வீட்டுக்குள்ளேயே ரப்பர் செருப்பு, குளிக்கப் போனாலும் செருப்பு. என் மகள் அம்பிகாவின் காலைப் பாருங்கள், பால் பாக்கெட் மாதிரி இருக்கும். அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். அவள்தான் என்மேல் புகார் சொல்லியிருக்கிறாள். கேட்டீர்கள், சொல்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

என் பெயர் காசி. ஆம்பூரில் தோல் கம்பெனியில் வேலை பார்த்தவன். ஈரத் தோலைச் சட்டத்தில் இழுத்துப் பிடித்து, சுற்றிலும் கிளிப்பு மாட்டி, ஆடாமல் உலரவைப்பது என் வேலை. ஒரு கிளிப்பு விட்டுப்போனாலும் அந்த இடம் சுருங்கிவிடும், மேஸ்திரி வாயில் வந்தபடி திட்டுவார். தோலை அழுத்திப் பிடிக்கணும், அசையவிடக் கூடாது. அவ்வளவுதான் தொழில். ஈர சிமென்டுத் தரையில் நின்று நின்று என் குதிகாலும் மாட்டுக் குளம்பு மாதிரி ஆகிவிட்டது. முள் குத்தினால் முள்தான் முறியும்.

போன மாசியில் என் மனைவி முத்துமாரிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. அம்பிகா ஓடி வந்தாள்.

"அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன் நைனா. உன்னால ஆவாது."

"ஏன், எனக்குக் கை இல்லியா?"

"சோறு ஊட்டிட்டாப் போதுமா? திருப்பிப் போடணும், தொடைக்கணும்."

"ஆயுசு பூரா தோலத் திருப்பிப் போட்டவன்டி நானு."

"அது தோலு. இது அம்மா."

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னாள். அம்மா ஒரே ஒரு தடவை கட்டிலை விட்டு விழுந்தாலும் கார் வைத்துக் கூட்டிப்போய்விடுவேன் என்று. என் பெண்டாட்டியை என் வீட்டிலிருந்து ஒருத்தி கூட்டிப்போவதா? விழவிடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முத்துமாரிக்கு இடது கால் நன்றாக இருந்தது. அதுதான் தொந்தரவு. குதிகாலை ஊன்றி ஊன்றி உடம்பைத் தள்ளிக்கொண்டு கட்டில் ஓரத்துக்கு வந்துவிடுவாள். ஒருநாள் நான் டீ வாங்கப் போய் வருவதற்குள் பாதி உடம்பு வெளியே தொங்கியது. பழைய லுங்கியைக் கிழித்து இடது காலைக் கட்டில் கம்பியோடு கட்டினேன். வலியெடுக்கிற மாதிரி இல்லை, அசையாத மாதிரி. வலது காலைக் கட்டவில்லை. அது தானாகவே கிடந்தது.

வாரம் ஒருமுறை நிஷா என்று ஒரு நர்ஸ் பெண் வரும். வலது காலுக்கடியில் தலையணை வைத்துக் குதிகாலைத் தூக்கிவிட்டது.

"குதிகால் மெத்தையில படவே கூடாது தாத்தா. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவுல சதை நசுங்கும், ரத்தம் ஓடாது, செத்துடும். இடது கால அவங்களே ஆட்டிக்குவாங்க, அதுக்கு வேணாம்."

"நாள் பூரா நின்ன காலு என்னுது. எனக்கு ஏன் செத்துப்போவல?"

"நீங்க எடுத்து எடுத்து வெச்சீங்க தாத்தா. இது ஒரே எடத்துல கெடக்குது."

படித்த பேச்சு. நான் வாதாடவில்லை. அவள் வருகிற அன்றைக்குக் கட்டை அவிழ்த்து, இடது காலைப் போர்வையால் மூடிவைப்பேன், போனதும் கட்டுவேன்.

முதலில் கட்டின காலில் குதிகால் சிவந்தது. பிறகு நீர் கோத்துக்கொண்டது. முத்துமாரி இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்ட ஆரம்பித்தாள். சோறு ஊட்டினாலும் தட்டுவாள், தண்ணீர் கொடுத்தாலும் தட்டுவாள். பக்கத்து வீட்டு தவ்ஃபீக் எட்டிப் பார்த்தான்.

"இன்னா பெரியவரே, அம்மாவுக்கு இன்னா வேணுமாம்? ஒரே பேஜாரா தட்டினுகீறாங்க."

"உன் வேலையப் பாரு" என்றேன்.

அந்தக் கையில் துண்டைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். பிறகு தட்டினாலும் சத்தம் வரவில்லை.

கொப்புளம் உடைந்ததும் கடுக்காய்த் தூளைக் குழைத்து அப்பினேன். நாங்கள் தோலைப் பதப்படுத்தியது அதில்தான். கொஞ்ச நாளில் அந்த இடம் கறுத்துக் காய்ந்து, விரலால் சுண்டினால் டொக்கென்றது. ஷூவுக்குப் போடுகிற அடித்தோல் மாதிரி. எனக்குத் திருப்தியாக இருந்தது. "பதத்துக்கு வந்துடுச்சி" என்று அவளிடமும் சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதன்பிறகு நிஷா வந்தபோது வாசலிலேயே நிறுத்தி, முத்துமாரி மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி அனுப்பினேன். பொய்தான். பதமாகிற தோலில் யாரும் கை வைக்கக் கூடாது. வாடை அடிக்கிறதென்று தவ்ஃபீக் சொன்னான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பச்சைத் தோல் குடோனில் சோறு தின்றவன் மூக்கு இது. அவன்தான் அம்பிகாவுக்குப் போன் போட்டிருக்கிறான்.

வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தக் கறுப்பை வெட்டி எடுத்தார். உள்ளே சீழ். அதற்கு உள்ளே எலும்பு.

"இவங்களுக்கு எந்தப் பக்கம் விழுந்தது?" என்று கேட்டார்.

"வலது."

"புண்ணு இடது கால்ல இருக்கே. இது உணர்ச்சி இருக்கிற காலாச்சே. இத்தன நாளும் வலிச்சிருக்குமே பெரியவரே."

"தெரியும்" என்றேன்.

அம்பிகா என் சட்டையைப் பிடித்தாள். "தெரியுமா? தெரிஞ்சா வுட்ட?"

"வலிச்சா ஊன மாட்டா. ஊனலன்னா வுழ மாட்டா."

சட்டையை விட்டுவிட்டாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வார்டுக்குப் பார்க்கப் போனேன். முத்துமாரி என்னைக் கண்டதும் நல்ல கையால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். மருந்து மயக்கம்.

"இனிமே அம்மாவ உன் கண்ணுலயே காட்ட மாட்டேன்" என்றாள் அம்பிகா.

"கூட்டிட்டுப் போ. உனக்கு சுலபம்தான். ஊன்றதுக்குக் காலு இல்ல, கட்டுற வேல மிச்சம்."

பக்கத்துக் கட்டில்காரர்களெல்லாம் என்னையே பார்த்தார்கள். பார்க்கட்டும். கட்டினது நான். கையைச் சுற்றினது நான். நர்ஸைத் திருப்பி அனுப்பினது நான். எங்கே கேட்டாலும் இதையேதான் சொல்வேன். ஆனால் காலை வெட்டினது அவர்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அது ஆறியிருக்கும்.

படியிறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். என்னிடம் இருந்தவரை அவள் ஒரு தடவைகூடக் கீழே விழவில்லை. அதை மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.