நாலு விரற்கடை ஒயர்

பழைய மோட்டார் சைக்கிளின் முன்விளக்குக்கு ஒரு குணம் உண்டு, ஐயா. வண்டி ஓடினால் முழிக்கும், நின்றால் தூங்கும். இன்ஜின் சுற்றுகிற சுற்றில்தான் அதற்குச் சாப்பாடு. மேட்டில் மெதுவாக ஏறும்போது, வளைவில் வேகத்தைக் குறைக்கும்போது, நமக்கு எப்போது வெளிச்சம் அதிகம் வேண்டுமோ அப்போது பார்த்து மங்கிவிடும். சொந்தக்காரர்களிலும் சிலர் அப்படித்தானே.

அதைச் சரிசெய்வதுதான் என் தொழில். இருபத்திரண்டு வருடமாயிற்று. விளக்கை இன்ஜினிலிருந்து பிரித்து பேட்டரிக்கு மாற்றி, நடுவில் ரிலே என்று ஒரு ஸ்விட்ச் வைத்து, புது ஒயர் இழுத்துத் தருவேன். மற்றவர்கள் இரண்டு முனையையும் முறுக்கி, டேப்பைச் சுற்றி அனுப்பிவிடுவார்கள். நான் ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே உறை போடுவேன். நொறுங்கிக் கிடந்த வண்டியில் அந்த ஒட்டைப் பார்த்துவிட்டு உங்கள் பரிசோதகர், "இது அடிவாரத்து லைட்டுக்காரர் கையாச்சே" என்றாராம். வண்டியே நொறுங்கியும் என் ஒட்டு விடவில்லை என்று கேட்டபோது, உள்ளதைச் சொன்னால், கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முதலில் அந்த லாரிக்காரரை விட்டுவிடுங்கள். எதிரில் ஒன்றுமே தெரியவில்லை என்று அவர் சொல்வது பொய் இல்லை. தெரிந்திருக்காது.

எங்கள் அப்பா அம்மா போனபோது எனக்கு இருபது, தங்கைக்கு எட்டு. அவளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டேன். ஒயர் பின்னுகிற கைக்கு முடி பெரிய காரியமா? பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு, மணி அடிக்கும்வரை எதிர்ப்பக்கம் நிற்பேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்கு முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்றிருந்தேன். முடித்த பிறகு பார்க்கத் தோன்றவில்லை. இருபத்தேழு வயதிலும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டேன்.

மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்ததும் நான்தான். மலைமேல் நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். குடிக்க மாட்டார். சத்தம் போட்டுச் சிரிப்பார், அது ஒன்றுதான் குறை. என் கடையிலிருந்து பத்து நிமிட நடையில் வீடு பார்த்துக் குடிவைத்தேன். முதல் வருடம் தங்கை தினமும் மத்தியானம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். இரண்டாவது வருடம் வாரத்தில் இரண்டு நாள் வந்தாள். அப்புறம் அவர் கையில் கொடுத்தனுப்பினாள்.

ஒரு நாள் நானே வீட்டுக்குப் போனேன். அவள் முழங்கையில் சிராய்ப்பு, மணிக்கட்டில் நீலம் பாய்ந்திருந்தது.

"என்ன பாப்பா இது?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டேண்ணா."

பொய் சொன்னால் அவள் காது மடலைத் தடவுவாள். எட்டு வயதிலிருந்தே அப்படி. தடவினாள். இரண்டு வாரம் கழித்து முழங்காலில் கட்டு. நொண்டி நொண்டி நடந்தாள். கேட்டால் சிரிப்பு. நானும் நாலும் தெரிந்தவன், ஐயா. ஒரு பெண் அடிபட்டுக்கொண்டு அண்ணனிடம் மறைக்கிறாள் என்றால் அடிக்கிறவர் யாராக இருக்கும்? மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் இல்லை என்பார். இல்லை என்று சொல்லப்போகிறவரிடம் எதற்குக் கேட்க வேண்டும்?

அந்தச் சமயத்தில்தான் அவராகவே வண்டியைக் கொண்டுவந்து என் கடையில் நிறுத்தினார். அவருடைய அப்பா ஓட்டிய வண்டி. அவரைவிட மூன்று வயது மூத்தது.

"மச்சான், பனியில இந்த வெளிச்சம் பத்தல. வளைவுல திரும்பினா மின்மினிப் பூச்சி மாதிரி ஆயிடுது. கொஞ்சம் மாத்திக் குடுங்களேன்."

"விட்டுட்டுப் போங்க மாப்ளே. பகல் மாதிரி எரியும்."

எரிந்தது. அதில் நான் குறை வைக்கவில்லை. ஹேண்டில் கழுத்து வழியாக விளக்குக்குப் போகிற எர்த் ஒயரை மட்டும் நாலு விரற்கடை குறைத்து வைத்தேன். வண்டி நேராகப் போனால் ஒன்றும் இல்லை. வலப்பக்கம் திருப்பினாலும் இல்லை. ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்க ஒடித்தால் ஒயர் விண்ணென்று இழுபடும். அந்த இடத்தில் மேல்தோலைக் கொஞ்சம் சீவிவிட்டு, நகர்த்திப் பார்க்க வசதியாக ஒரு தளர்ந்த உறையைப் போட்டேன். உள்ளே பதினாறு செப்பு இழைகள்; இழுபட இழுபட ஒவ்வொன்றாக அறும், கடைசி இழை போனால் விளக்கும் போகும். மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்பது, அதில் இடப்பக்கம் ஐந்து. விடிவதற்கு முன்னால், பனியில், கல் ஏற்றிய லாரிகள் இறங்குகிற நேரத்தில் அவர் ஏறுவார்.

நாள் குறித்தது நான் இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒயர் தானாகத்தான் அறுந்தது.

அதற்கப்புறம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைக்குப் பின்னால்தான் என் அறை. ஐந்தேகாலுக்கு அவர் வண்டி வாசலைத் தாண்டும். நான் நாலு மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அந்தச் சத்தம் முதல் வளைவு ஏறி, இரண்டாவது ஏறி, பனிக்குள் கரைகிறவரை கேட்பேன். பிறகு மத்தியானம் இரண்டரைக்கு அவர் திரும்பும்வரை, குட்டி போட்ட பூனை மாதிரி கடைக்குள்ளேயே சுற்றுவேன். ஷட்டரை ஏற்றுவேன், இறக்குவேன். ஸ்குரூக்களை அளவு பார்த்துப் பிரிப்பேன்; எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி மறுபடி பிரிப்பேன். பற்றவைக்கிற கோலைச் சூடாக்கிவிட்டு, எதற்கு என்று மறந்து நிற்பேன். இரண்டரைக்கு அந்தச் சிரிப்பு வாசலில் வந்து நிற்கும்.

"என்ன மச்சான், தூங்கறதே இல்லியா? கண்ணு ரெண்டும் பிரேக் லைட்டு மாதிரி செவந்து கெடக்கு."

ஞாயிறுதோறும் வண்டியைப் பார்த்துத் தருகிறேன் என்று வாங்கி, உறையை நகர்த்தி எண்ணுவேன். பதினான்கு. பதினொன்று. ஒன்பது. "நல்லாயிருக்கு மாப்ளே" என்று சாவியைக் கொடுப்பேன்.

ஒன்பது இருந்த வாரத்தில் தையல்கார அம்மா கடைக்கு வந்தார். தங்கைக்குப் பக்கத்து வீடு. மெஷின் விளக்கு எரியவில்லை என்று வந்தவர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"உங்க தங்கச்சி கெட்டிக்காரிங்க. இப்பல்லாம் விழாம ஓட்டறா."

"எதை?"

"என் ஸ்கூட்டரத்தான். அய்யய்யோ, அண்ணன்கிட்ட சொல்லாதீங்கன்னு கெஞ்சினாளே. எனக்கு ஓட்டை வாய். ரெண்டு மூணு மாசமா புருசன் கத்துக்குடுக்கறாரு, காலி மைதானத்துல. எத்தனை தடவ மண்ணக் கவ்வினா, பாவம். அந்த மனுசன் பின்னாலயே ஓடி ஓடிப் பாதியா எளைச்சுட்டாரு. உங்களுக்குத் தெரிஞ்சா பயந்து வேணாம்பீங்களாம்."

மெஷின் விளக்கைச் சரிசெய்து கொடுத்தேன். அவர் போனதும் அந்த ஒயரை மாற்றிவிட வேண்டும் என்று நினைத்தேன். நிச்சயமாக நினைத்தேன். ஐந்து நிமிட வேலை. அந்த வாரம் கடையில் வேலை அதிகம். அடுத்த ஞாயிறு உறையை நகர்த்தினேன், ஆறு இருந்தது. புது ஒயரை வெட்டிக் கையில்தான் வைத்திருந்தேன். இரண்டு மூன்று மாதம், ஐயா. தெருவே நின்று பார்த்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியாது. கால் சிராய்த்தால் என்னிடம் ஓடிவருகிற பெண், யாரோ பின்னால் ஓடிவர, விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். வெட்டிய ஒயரைப் பெட்டியில் போட்டேன். "நல்லாயிருக்கு மாப்ளே" என்றேன்.

கடைசியாக எண்ணியபோது இரண்டு இருந்தது.

அந்த வியாழக்கிழமை வண்டி என் வாசலைத் தாண்டவில்லை, நின்றது. பின்னால் தங்கை உட்கார்ந்திருந்தாள். ஒரு கை மாப்பிள்ளையின் இடுப்பைச் சுற்றியிருந்தது. மலைமேல் சீருடை தைக்கிற கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறதாம், அன்று முதல் நாளாம். எனக்கு அப்போதுதான் தெரியும்.

"அண்ணா, வீட்டுச் சாவி. மத்தியானம் சிலிண்டர்காரர் வருவாரு, குடுத்துடு."

"வேலையெல்லாம் எதுக்கு பாப்பா?"

"வந்து சொல்றேண்ணா. நேரமாச்சு."

மாப்பிள்ளை வண்டியைத் திருப்பினார். ஹேண்டில் இடப்பக்கம் ஒடிந்தபோது விளக்கு அணைந்து எரிந்தது. அவரும் பார்த்துவிட்டார்.

"மச்சான், லைட்டு கண்ணடிக்குதே. ஒரு நிமிசம் பாக்கறீங்களா?"

"சாயங்காலம் பாக்கலாம் மாப்ளே. முதல் நாளே பாப்பா லேட்டாப் போகக் கூடாது."

போனார்கள். நான் வாசலிலேயே நின்று கேட்டேன். முதல் வளைவு இடது, தாண்டிவிட்டார்கள். இரண்டாவது வலது. மூன்றாவதும் தாண்டினார்கள், நான்காவதும். ஐந்தாவதில் முதலில் ஹாரன் கேட்டது. பிறகு கல் சரிகிற சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை.

மாப்பிள்ளை அங்கேயே போய்விட்டார். தங்கை மத்தியானம் வரை ஆஸ்பத்திரியில் இருந்தாள். "அவர் எங்கண்ணா?" என்று ஒரு முறை கேட்டாள். "பக்கத்து ரூம்ல இருக்காரு, நல்லாயிருக்காரு" என்றேன். நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டேன். சிலிண்டர்காரர் வந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்.

நேற்றிலிருந்து நீங்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். தங்கையையாவது ஏன் இறங்கச் சொல்லவில்லை என்று. சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள், மாட்டிக்கொள்வேன், அந்தப் பயத்தில்தான் என்று சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அதை அடித்துவிடுங்கள். அவரேதான் விளக்கைப் பார்க்கச் சொன்னாரே. ஐந்து நிமிடத்தில் புது ஒயர் போட்டு அனுப்பியிருப்பேன். யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. இன்றைக்கு இரண்டு பேரும் இருந்திருப்பார்கள்.

எல்லாம் அவளுக்காகத்தான் செய்தேன். அதை மட்டும் மாற்றி எழுத வேண்டாம். அவள் அன்று கடைக்குள் வந்து அந்தச் சாவியை என் கையில் வைத்திருந்தால், உடனே ஒயரை மாற்றியிருப்பேன். அவர் இடுப்பிலிருந்து கையைக்கூட எடுக்காமல், உட்கார்ந்தபடியே இன்னொரு கையால் நீட்டினாள், ஐயா. வண்டியை விட்டு இறங்கவே இல்லை.