அப்பரைத் தேடிய வல்லரசு

பிள்ளைகளே, நேற்று செயின்ட்-மிஷேலில் மெட்ரோ ஏறியதும் எனக்கு எதிரே இரண்டு தமிழர் கதைத்துக்கொண்டு வந்தார்கள். இளையவருக்கு நாற்பது வயது இருக்கும். கையில் கல்யாண அட்டை. சனிக்கிழமை நியூ ஜெர்சியில் அவருடைய அக்காவின் மகளுக்குக் கல்யாணமாம்.

“அண்ணை, அமெரிக்கா பயந்துபோச்சு.”

“விசர்க் கதை கதையாதை. உலகத்தையே ஆட்டிப்படைக்கிறவன்.”

“பயமில்லாதவனோ போன முறை அமெரிக்கா போகேக்கை போர்டரில என்னை நாலு மணித்தியாலம் இருத்தி வைச்சவன்? பாஸ்போர்ட்டில கடைசிப் பேர் அப்பான்ரை பேர்தானே. அதைச் சொல்லிக் கூப்பிட்டான். ‘அது என்ரை அப்பர்’ எண்டன். ‘அப்ப நீ ஆர்? அவர் எங்கை?’ எண்டு துளைச்செடுத்துப்போட்டான். அப்பர் செத்து முப்பது வருசம்!”

மூத்தவர் சிரித்தார். “பயங்கரவாதியைத் தேடித் தேடி இருபது வருசம் நாடு நாடாச் சண்டை பிடிச்சான். அந்த நேரத்தில சீனாக்காரன் எங்கடை நாட்டிலையே துறைமுகம் கட்டிப்போட்டான். சரி, கலியாணத்துக்குப் போறியோ?”

“ஓம் எண்டு அக்காவுக்குச் சொன்னனான். ஆனா போகமாட்டன்.”

“உன்ரை அக்கா அழப்போறா.”

“என்ன செய்ய? முந்தி அமெரிக்கா எண்டா ஆசை. இப்ப அந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்கமாட்டன்.”

அப்போதுதான் அவர் என்னைக் கவனித்தார். குரல் தணிந்தது.

“மெல்லக் கதையுங்கோ அண்ணை. அந்தாள் தமிழ் போலக் கிடக்கு. ஆரெண்டு தெரியாது.”

கல்யாண அட்டையையும் சட்டைப்பைக்குள் ஒளித்துவிட்டார். நானும் தமிழ் தெரியாதவன் போல இருண்ட ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.