மீனுக்கு ஒரு சிட்டிகை, மச்சானுக்கு ஓர் இளநீர்

மீன் தொட்டி வைக்கிறவர்கள் செய்கிற முதல் தவறு, மீன் மேல் பாசம் வைப்பது. அளவோடு வைத்தால் தப்பில்லை. ஆனால் பாசத்தை அளக்கிற கரண்டி எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.

பவித்ரா, உன் அப்பாவின் காரியமெல்லாம் முடிந்து பெங்களூருக்குக் கிளம்பும்போது நீ கேட்டாய். "மாமா, அந்தத் தொட்டிய நான் எடுத்துக்கட்டுமா? அப்பா கடைசி வரைக்கும் அது பக்கத்துலதானே உக்காந்திருந்தாங்க." அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொள் என்றேன். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எழுதி அனுப்புகிறேன் என்றும் சொன்னேன். சொன்ன வாக்கை நான் தவறியதில்லை. அதனால் எழுதுகிறேன்.

இரண்டடித் தொட்டிதான். வெயில் படாத இடத்தில் வை. உள்ளே இருக்கும் ஜாவா ஃபெர்னும் அனுபியாஸும் மங்கலான வெளிச்சத்தில் வளர்கிற செடிகள். விளக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் எரிந்தால் போதும். வேரை மண்ணில் புதைக்காதே. மரத்துண்டில் நூலால் கட்டியிருக்கிறேன், அப்படியே இருக்கட்டும். வாரம் ஒரு முறை கால்வாசித் தண்ணீரை மாற்று. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்துவிட்டு ஊற்று, குளோரின் போகட்டும். தீனி தினமும் ஒரு சிட்டிகை. சனிக்கிழமை பட்டினி. எங்கள் ஸ்ரீரங்கத்தில் அதை விரதம் என்று சொல்லிவிட்டால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

மீன் கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பசி என்று நினைத்துவிடாதே. வயிறு நிறைந்திருந்தாலும் அப்படித்தான் செய்யும். பட்டினியால் செத்த மீனை நான் பார்த்ததில்லை. பாவம் கேட்கிறதே என்று போடுகிறார்கள் பார், அவர்கள் கையால் செத்த மீன்கள்தான் ஏராளம். ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் சொட்டுச் சொட்டாக அளந்தவன் சொல்கிறேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சும்மாவா சொன்னார்கள்.

உன் அப்பா காத்தமுத்துவுக்கு இந்தப் பழமொழி தெரியாது. தெரிந்திருந்தாலும் ஆறு என்ற சொல்லோடு நிறுத்தியிருப்பார்.

வைகாசியில் மருங்காபுரியிலிருந்து வந்தார். ஒரு கோணி நிலக்கடலை, இரண்டு பொட்டலம் மணப்பாறை முறுக்கு, வீங்கிய கால்கள். இரண்டு கிட்னியும் முக்கால்வாசி போய்விட்டது, திருச்சியில் தங்கி வைத்தியம் பார்க்கட்டும் என்று ஏற்பாடு. கூடப் பிறந்த தங்கை வீடு இருக்கும்போது வேறு எங்கே தங்குவார்? நானும், "வாங்க மச்சான், உங்க வீடு மாதிரி நெனச்சுக்குங்க" என்றேன். அவர் அதை அப்படியே எடுத்துக்கொள்வார் என்று எதிர்பார்க்கவில்லை.

வந்த அன்றே சோபாவைத் திருப்பிப் போட்டார். கடிகாரத்தை மேற்குச் சுவருக்கு மாற்றினார். மறுநாள் தொட்டிக்குப் பக்கத்து ஜன்னல் திரையை விலக்கினார்.

"வெயிலு படாம எப்படி மாப்பிள்ளை பயிரு வளரும்? பாவம், சோகை புடிச்சாப்புல நிக்குது."

"அது நெழல்லயே வளர்ற செடிங்க மச்சான்."

"நெழல்ல வளர்றது காளான்தான்."

சந்திரா சிரித்தாள். உன் அத்தைக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பதே எனக்கு மறந்து போயிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நகைச்சுவை என்னவென்று நான் இன்று வரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டே வாரத்தில் தொட்டிக் கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி படர்ந்தது. "பாத்தீங்களா, இப்பதான் பச்சப்பசேல்னு இருக்கு" என்றார் மானாவாரி விவசாயி.

நோயாளி அல்லவா. பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை வைத்து, வாரம் இரண்டு முறை பாசியைச் சுரண்டி எடுத்தேன்.

பிறகு ஆடி அமாவாசை வந்தது. ஒரு கல்யாணத்துக்காக நான் இரண்டு நாள் திண்டுக்கல் போயிருந்தேன். உன் அப்பா, காவிரிக்கரை அம்மா மண்டபத்தில், உன் அம்மாவுக்குத் திதி கொடுத்திருக்கிறார். கொடுத்துவிட்டு ஆற்று மீனுக்குப் பொரி போட வேண்டுமாம், அப்போதுதான் புண்ணியம் சேருமாம். அன்றைக்கு அங்கே இருந்த கூட்டத்தில் வீங்கிய காலோடு படி இறங்க முடியவில்லை. வாங்கிய பொரியை என்ன செய்வது? வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"எந்தத் தண்ணியா இருந்தா என்ன சந்திரா, மீனு மீனுதானே?"

ஒரு படிப் பொரி. இரண்டடித் தொட்டியில். உன் அத்தை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். மீன்கள் துள்ளித் துள்ளித் தின்றனவாம், பார்க்க அவ்வளவு அழகாக இருந்ததாம். நான் திரும்பி வந்தபோது தண்ணீர் அரிசி கழுவிய நீராக மாறியிருந்தது. பத்து ராஸ்போரா மீன்களும் செத்து மேலே மிதந்தன. கௌராமி இரண்டும் மூச்சுக்கு மேலே மேலே வந்துகொண்டிருந்தன. அவற்றை மட்டும் காப்பாற்ற முடிந்தது. நீ எடுத்துக்கொண்டு போகப்போவது அந்த இரண்டைத்தான்.

"சாப்ட்டுட்டுத்தானே மாப்பிள்ளை செத்துச்சு. பட்டினியா போகலையே" என்று உன் அப்பா எனக்கு ஆறுதல் சொன்னார். அவர் மனசு அப்படி. பாவம் கழிந்தது அவருக்கு, மீன் கழிந்தது எனக்கு.

அதற்குப் பிறகுதான் அந்தக் காகிதம் வந்தது.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் அனுசுயா என்று ஒரு பெண். பொறுமையான பெண். உன் அப்பா பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கக் கீழே போயிருந்தார், சந்திராவும் கூடப் போயிருந்தாள். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால் என்னை உட்கார வைத்து ஒவ்வொரு வரியாகச் சொன்னார். மொத்தம் பன்னிரண்டு வரி. ஏழாவது வரியில் பேனாவால் இரண்டு கோடு போட்டார். இளநீர், வாழைப்பழம், வாழைத்தண்டுச் சாறு கூடவே கூடாது. அவற்றில் இருக்கும் பொட்டாசியத்தைக் கெட்டுப்போன கிட்னியால் வெளியேற்ற முடியாது, அது ரத்தத்தில் சேர்ந்தால் ஒரு நாள் இதயம் நின்றுவிடும். "இளநீர் குளிர்ச்சின்னு எல்லாரும் குடுத்துடறாங்க சார். நீங்க வீட்ல கண்டிப்பா சொல்லிடுங்க." சொல்கிறேன் என்றேன்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் காகிதத்தைத் தமிழில் படித்துக் காட்டினேன். உப்பைக் குறைக்க வேண்டும். அப்பளம், ஊறுகாய், கருவாடு வேண்டாம். தண்ணீர் அளவோடு குடிக்க வேண்டும். ஆறாவது வரி முடிந்தது. எட்டாவது வரியைப் படித்தேன்.

அவ்வளவுதான். பன்னிரண்டில் பதினொன்று. எங்கள் கல்லூரியில் அதற்குத் தொண்ணூறு மார்க்குக்கு மேல் போடுவார்கள்.

இதில் குற்றம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். நான் எதையும் கொடுக்கவில்லையே. கொடுத்தவர்கள் மற்றவர்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கு இரண்டு இளநீர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கீழ்வீட்டுக்காரம்மா வாழைத்தண்டுச் சாறு பிழிந்து அனுப்பினார். கிட்னி என்றால் வாழைத்தண்டு, சூடு என்றால் இளநீர். காவிரிக்கரையில் பிறந்த யாரிடமும் இதைப் படித்துச் சொல்ல வேண்டியதில்லை, தாய்ப்பாலோடு வந்துவிடும். நீயும்தான் தினமும் போனில் கேட்டாய். "அப்பா, எளநி குடிச்சீங்களா?" குடித்தேன் என்பார். நல்லதுப்பா என்பாய். அதை நினைத்து இனி நீ அழ வேண்டாம். உனக்கு அந்த வரியை யாரும் படித்துக் காட்டவில்லை.

ஆவணி பிறந்த பிறகு நானே வாங்கிவர ஆரம்பித்தேன். காலை நடை முடிந்து திரும்பும் வழியில் கமருன்னிசாவின் இளநீர் வண்டி. நோயாளிக்கு என்றதும் செவ்விளநீராகப் பார்த்துத் தட்டித் தட்டி எடுத்துத் தருவார். "கிட்னிக்கு ரொம்ப நல்லதுங்க சார், வெறும் வயித்துல குடுங்க." சரி என்பேன். தினமும் ஒன்று. உன் அப்பா கேட்கும்போது இரண்டு. அவர் டம்ளரை நீட்டிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கா மாப்பிள்ளை?" என்பார். பாவம், கேட்கிறார். கொடுத்தால் என்ன?

ஊர் உறவெல்லாம் என்னைக் கொண்டாடியது. மச்சானை இப்படித் தாங்குகிற மாப்பிள்ளை இந்தக் காலத்தில் யார் என்று உன் சித்தப்பா எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். சந்திரா எனக்கு மறுபடியும் காலையில் டிகிரி காபி போட ஆரம்பித்தாள். புரட்டாசியில் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு அந்த அனுசுயா முகம் சுளித்தார். "பொட்டாசியம் ஏறியிருக்கே சார். இளநீர், பழம் ஏதாவது குடுக்கறீங்களா?" ரத்தம் கொடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு உன் அப்பா கதவுக்கு வெளியேதான் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். "எதுவும் குடுக்கறதில்லைங்க" என்றேன். அனுசுயா மாத்திரையை மாற்றச் சொல்லி டாக்டருக்கு எழுதினார்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. காலை எட்டு மணி. வழக்கம்போல இளநீர் குடித்துவிட்டு உன் அப்பா தொட்டி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். சந்திரா கோயிலுக்குப் போயிருந்தாள்.

"மாப்பிள்ளை, காலு ரெண்டும் மரத்துப்போச்சு. நெஞ்சு என்னமோ பண்ணுது."

"சாஞ்சு உக்காருங்க மச்சான். இதோ வந்துட்டேன்."

வாளியில் பாதித் தண்ணீர் மீதி இருந்தது. அதை ஊற்றி முடித்தேன். குழாயைச் சுற்றி வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தபோது அவர் கண் தொட்டியைப் பார்த்தபடி இருந்தது. கௌராமி கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்து மூடியது. அதன் பிறகு 108க்குப் போன் செய்தேன். என் குரல் பதறவில்லை என்று போனை எடுத்த பெண் கவனித்திருப்பாள், பாராட்டியும் இருப்பாள்.

நீ கேட்கலாம், பத்து மீனுக்காக ஒரு மனுஷனையா என்று. கேட்க வேண்டிய கேள்விதான். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது என்னிடம் பதில் இருந்தது. மீன்கள் வாயில்லா ஜீவன்கள், அவற்றைக் கொன்றவருக்கு அவருடைய முறையிலேயே உபசாரம் செய்தேன், கேட்டதைக் கொடுத்தேன், கணக்கு நேர். படிக்கச் சுமாராகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஒரு நியாயம் இருக்கிறது. இத்தனை நாள் அந்த நியாயத்தைத் தலைக்கு வைத்துத்தான் தூங்கினேன்.

நீ நம்ப வேண்டுமே என்று அந்தக் காகிதத்தை இதோடு இணைத்து அனுப்ப நினைத்தேன். இன்று காலை பீரோவில் தேடி எடுத்தேன். மேலே வலது மூலையில் அனுசுயா தேதி போட்டிருக்கிறார். ஜூன் பத்தொன்பது. நாலைந்து முறை பார்த்துவிட்டேன். ஜூன்தான். ஆனி பிறந்து ஐந்து நாள். ஆடி வர இன்னும் ஒரு மாதம் இருந்தது.

அன்றைய மேசை இப்போது நன்றாக நினைவுக்கு வருகிறது. சந்திரா உன் அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் கிணற்றடியில் நடந்த ஏதோ ஒரு கதையை அவர் சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் ஆறாவது வரியைப் படித்தபோது யாருக்கும் காதில் விழவில்லை. அடுத்ததைப் படிக்க வாயெடுத்தேன், உன் அத்தை கையைக் காட்டி, "கொஞ்சம் இருங்க, அண்ணன் சொல்லி முடிக்கட்டும்" என்றாள். இருந்தேன். அவர் சொல்லி முடித்தார். பிறகு எட்டாவது வரியைப் படித்தேன். எனக்கு அவர் மேல் இருந்தது பொறாமை பவித்ரா, வேறொன்றும் இல்லை.

மேலே 'அதற்குப் பிறகுதான்' என்று எழுதியிருக்கிறேன். அதை அடிக்கப் போவதில்லை, எழுதியபோது அப்படித்தான் நம்பினேன். ஆனால் நான் அந்த ஏழாவது வரியைத் தாண்டிய மத்தியானத்தில், பத்து ராஸ்போராவும் தொட்டியில் உயிரோடு நீந்திக்கொண்டுதான் இருந்தன.