நாற்பது பேருக்கு வராத நாற்றம்

— சிரிக்காம என்ன செய்யச் சொல்றீங்க, யுன்ருவே அக்கா? இந்தக் கெமிஸ்ட்ரி லேப்ல உதவி ஆசிரியரா நான் யுகயுகமா குப்பை கொட்டறேன், இப்படி ஒண்ணைப் பாத்ததில்ல. நாப்பது பேரு "வாசனையில்லாத வாயு"ன்னு எழுதியிருக்காங்க. இவ ஒருத்திக்கு மட்டும் அழுகின முட்டை நாத்தமாம்.

— யாருக்கு?

— பெய்ஷான். ஹுவாலியன்லேருந்து வந்து கேள்வி கேட்டே கொல்லுமே, அந்தப் பொண்ணு. முட்டை நாத்தம்னா மார்க்கும் முட்டைதான்னு போட்டுக் குடுத்துட்டேன்.

— மத்த நாப்பது பேரும் செஞ்சு பாத்தாங்களா, குவாங்ச்சி?

— செய்யறதாவது. சீனியருங்க விட்டுட்டுப் போன விடை இருக்கே, கொள்ளுத்தாத்தா சொத்து மாதிரி. அதை எழுதி நீட்டிட்டு ஜவ்வரிசி உருண்டை போட்ட முத்து டீ குடிக்க ஓடிட்டாங்க. ஒரு புண்ணியவான் போன வருஷத் தேதியையே போட்டிருக்கான்.

— அப்போ சோதனைக் குழாயைத் தொட்டது அவ ஒருத்திதான்.

— உங்க பேட்ச்சுல மட்டும் என்னவாம்? குழாய்க்குள்ள சிலந்தி குடித்தனமே நடத்துச்சாம்.

— என் கதை இருக்கட்டும். சோதனைக்குக் குடுத்த சோடியம் கார்பனேட்டை எங்கேருந்து எடுத்த?

— கீழ்த்தட்டுப் பெரிய ஜாடிலேருந்து.

— கார்பனேட் மேல்தட்டுலடா. இன்னும் மூடியே திறக்கலை.

— ஜாடியில "சோடியம்"னு போட்டிருந்துச்சே. மிச்ச எழுத்தை ஆசிட் அரிச்சிருச்சு. வெள்ளையாத்தான் இருந்துச்சு... லேசா மஞ்சள் தட்டினாப்புல.

— அது சல்ஃபைடு. அதுல ஆசிட் விட்டா என்ன வாயு வரும்னு டியூட்டோரியல்ல நீதானே நடத்தின?

— ஐயையோ. அப்போ அவ எழுதினதுதான் சரியா? பேராசிரியர் என்னை உப்புத் தடவிக் கொடியில தொங்க விட்டுருவாரே.

— அவகிட்ட என்ன சொன்ன?

— நாப்பது மூக்கு பொய், உன் மூக்கு மட்டும் மெய்யான்னு கேட்டேன். நாத்தம் போற வரைக்கும் திரும்பத் திரும்பச் செய், இல்லேன்னா ஃபெயில்னேன்.

— எங்க வெச்சு?

— பின்னாடி சின்ன ரூம்ல.

— அங்க எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடாது.

— கதவைச் சாத்திக்கன்னேன். வராண்டா நாறினா என்னைத்தானே திட்டுவாங்க. ஜாடியையும் கையோட குடுத்தனுப்பிட்டேன்.

— எப்போ?

— சாப்பாட்டுக்கு முன்னாடி. பதறாதீங்கக்கா. நாத்தம் தாங்கலேன்னா ஓடி வந்துற மாட்டாளா?

— அந்த வாயு மொதல்ல மூக்கைத்தான் கொல்லும். ஆளை அதுக்கப்புறம். எழுந்திரு. நடந்துக்கிட்டே அவளுக்கு ஃபோன் போடு.

— அக்கா... அவ எப்பவோ மெசேஜ் போட்டிருக்கா, நான்தான் பாக்கலை. "அண்ணே, நீங்க சொன்னதுதான் சரி. இப்போ நாத்தமே வரலை."