தேவதாசின் சான்றிதழ்

கடற்கரையில் வைஃபை ரவுட்டர் வைத்திருப்பவர்கள் அதை அடிக்கடி உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும் ஐயா. உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. லைட்ஹவுஸ் குப்பத்தில் அந்த வேலையைச் செய்கிற ஒரே ஆள் நான்தான். அதற்காக யாரும் எனக்குச் சால்வை போர்த்தியதில்லை.

நீங்கள் தேவதாசைப் பற்றி விசாரிக்கத்தான் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டீர்கள் என்று தெரியும். வாடைக்காற்று அடித்த அன்று அவன் காணாமல் போனான். படகும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. கடலுக்குப் போனதைப் பார்த்தேன் என்று சொல்லவும் ஆள் இல்லை. அதனால் அவன் மனைவி மனோரமாவுக்கு இறப்புச் சான்றிதழ் தர மாட்டோம் என்கிறார்கள் தாலுகா ஆபீசில். அது இல்லாமல் நிவாரணம் இல்லை, விதவை உதவித்தொகை இல்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தப்பினால் எனக்குப் பிடிக்காது.

வலைக்கூடத்து மாடியில் ஆன்டெனா நட்டு ரவுட்டரை மாட்டியது சென்னையிலிருந்து வந்த ஒரு தொண்டு நிறுவனம். காற்று எச்சரிக்கை வந்தால், இணைப்பில் இருக்கிற எல்லாப் போனிலும் மணி அடிக்கும். ரீசார்ஜ் தீர்ந்த போனிலும் அடிக்கும். ரிப்பன் வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், இறால் தொக்கு சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பொன்னேரியில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவன் என்று பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதலில் ஊருக்கெல்லாம் ஒரே பாஸ்வேர்டு. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிற பையன்கள் வரைக்கும் அது பரவியது. எச்சரிக்கைக்காக வந்த இணைப்பில் கிரிக்கெட்டும் சீரியலும் ஓடின. புயலே வந்தாலும் விளம்பர இடைவேளையில்தான் வர வேண்டும் என்கிற நிலைமை.

ஆகவே பாஸ்வேர்டை ஒழித்தேன். ஆளுக்கொரு டிஜிட்டல் சான்றிதழ் என்று அமைப்பை மாற்றினேன். அது போனுக்குள் உட்கார்ந்திருக்கும். போன் வந்து தட்டினால் ரவுட்டர் சான்றிதழைக் கேட்கும். சரியாக இருந்தால் திறக்கும். தேதி முடிந்திருந்தால் திறக்காது. இதைவிட நியாயமான காவல்காரன் உலகத்தில் கிடையாது.

சான்றிதழ் என்றதும் குப்பம் என்ன செய்தது தெரியுமா? சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ சகிதம் கூடத்து வாசலில் வரிசை கட்டி நின்றது. மீன் விற்கிற குணசுந்தரி, “சார், இது போதுமா? விஏஓ கையெழுத்து வோணுமா சார்?” என்று கேட்டாள். அதுவரை என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. நான் திருத்தவில்லை. ஜெராக்ஸ்களை வாங்கி வைத்துக்கொண்டு, கொஞ்சம் உட்காரச் சொன்னேன். போனில் ஏற்றுவது ஒரு நிமிஷ வேலைதான். ஆனால் மரியாதையான வேலை எதுவும் ஒரு நிமிஷத்தில் முடியக் கூடாது.

தேவதாஸ் மட்டும் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தான். வரிசையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“இன்னா பூபதி, படகுல ஏறுனாலே வாந்தி எடுக்கறவன் நீ. நீ கடலுக்குப் பாஸ் குடுக்கற ஆபீசரா? யம்மா குணசுந்தரி, அப்டியே ஆபீசருக்கு ஒரு எலுமிச்சம்பழம் வாங்கியா, மேசை ஆடுது பாரு.”

வரிசை முழுக்கச் சிரித்தது. கையில் ஜெராக்ஸை வைத்துக்கொண்டே சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அவன் போனிலும் சான்றிதழ் ஏற்றிக் கொடுத்தேன். ஒழுங்கு என்றால் எல்லோருக்கும் ஒழுங்குதானே.

சில மாதத்தில் அவன் சான்றிதழ் தானாகக் காலாவதியானது. துல்லியமாகச் சொல்ல வேண்டுமென்றால், தேதி தானாக விழாது, போடுகிறவன் போட வேண்டும். மற்றவர்களுக்கு நீண்ட ஆயுள் போட்டேன், அவனுக்குக் குறைத்துப் போட்டேன். வந்து கேட்கட்டும் என்று.

அவன் வரவில்லை. கடற்கரையில் நின்றபடியே கத்தினான்.

“டேய் பூபதி! என் போன்ல நெட்டு வரல, இன்னானு பாருடா.”

“கூடத்துக்கு வந்து முறையா கேளு, போட்டுத் தரேன்.”

“உங்கிட்ட கை கட்டி நிக்கவா? போடா. படம் வரலேன்னா போவட்டும். மணி அடிச்சா போதும்.”

பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த அவன் மச்சான், “மணியும் அதுலதான வருது மாமா?” என்றான்.

“அது தனிடா. ரீசார்ஜ் இல்லாதப்பவே அடிச்சிதே. மணி அடிக்கலேன்னா கடல் சும்மா கீதுனு அர்த்தம். இவந்தான மீட்டிங்ல சொன்னான்?”

வாஸ்தவம். நான்தான் சொன்னேன். மணி தனி இல்லை, அதே இணைப்பில்தான் வருகிறது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அவன் காணாமல் போன அன்று, விடிகிற நேரம் எச்சரிக்கை வந்தது. குப்பம் முழுக்க மணி அடித்தது. கிளம்ப இருந்தவர்கள் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். தேவதாசின் சின்னப் படகு தெற்கே, முகத்துவாரத்தின் ஓரத்தில் தனியாகக் கிடக்கும். நண்டு வலை எடுக்க அவன் தனியாகத்தான் போவான். வீடுகளுக்குள் அடித்த மணி அங்கே வரை கேட்காது. வானமும் அப்போது நல்ல பிள்ளையாக வெளுத்திருந்தது.

நான் கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தேன். திரையில் அவன் போன் வந்து தட்டியது. காலாவதி, நிராகரிப்பு. மறுபடி தட்டியது, மறுபடி நிராகரிப்பு. அவனுக்கு இது தெரியாது. சட்டைப் பையிலிருந்து போன் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது. அவன் வாழ்நாளில் செய்யாததை அவன் போன் செய்தது. வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்கவில்லை.

தேதி முடிந்தவனையும் உள்ளே விட ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், மணி அடித்திருக்கும். இல்லை, மாடிக்குப் போய்க் குரல் கொடுத்தாலும் காற்று கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும். நான் டீயைக் குடித்தேன். சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. போன் தூரம் போகிறது என்றால் படகு போகிறது என்று அர்த்தம். படகு எங்கே போகிறது, எதிரே என்ன வருகிறது, இரண்டும் எனக்குத் தெரியும். கடைசியாக ஒரு தட்டல் வந்தது. அதற்கும் நிராகரிப்புதான். பிறகு ஒன்றும் வரவில்லை. டம்ளரைக் கழுவி வைத்தேன்.

காற்று கொன்றது என்று ஊர் சொல்கிறது. காற்றுக்கு அவன் பெயர்கூடத் தெரியாது ஐயா. தெரிந்தே அனுப்பியவன் நான்.

நேற்று மனோரமா கூடத்துக்கு வந்தாள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள்.

“பூபதிண்ணா, அவரு அன்னிக்குக் கடலுக்குப் போனதுக்கு உன் பொட்டியில எதுனா அடையாளம் இருக்குமாண்ணா? ஆபீஸ்ல நக்கலா சிரிக்கறாங்க. ஆந்திரா பக்கம் எவளையாவது கூட்டினு ஓடியிருப்பான்னு சொல்றாங்க. எம்புள்ளைங்க எதிர்லயே சொல்றாங்கண்ணா.”

உட்காரம்மா என்றேன். அவள் உட்காரவில்லை, கை கட்டி நின்றாள்.

அந்தக் காலையில் போன் தட்டியது, தூரம் போனது எல்லாம் ரவுட்டரின் பதிவில் இருக்கிறது. அச்செடுத்து உங்கள் மேசையில் வைத்திருக்கிறேன். அவன் யாரோடும் ஓடவில்லை, கடலுக்குத்தான் போனான். பார்த்த சாட்சி நான். இதனால் எனக்கு என்ன ஆகும் என்பது தெரியாமல் இல்லை. ஆனாலும் அந்தப் பெண் முறையாக வந்து நின்றாள், பணிவாகக் கேட்டாள். அப்படிக் கேட்ட யாருக்கும் சான்றிதழ் இல்லை என்று நான் சொன்னது கிடையாது. கேட்டிருந்தால் தேவதாசுக்கும் இல்லை என்று சொல்லியிருக்க மாட்டேன்.