டாக்டர் கேட்ட தண்ணி

"வயித்துல கத்தி வெச்சாங்களே, அது கூட வலிக்கல அண்ணாத்தே. தல வலிக்குது. இந்தப் பொட்டுலேர்ந்து அந்தப் பொட்டு வரிக்கும் எவனோ ஆணி அட்சிகினே கீறான். கொடலு எறங்கிச்சின்னு வந்தவனுக்கு தலைல இன்னா வேல... சொல்லு?"

சண்முகசுந்தரத்தால் சொல்ல முடியாது. தொண்டையில் வளர்ந்திருந்த சதையை முந்தின நாள்தான் அறுத்து எடுத்திருந்தார்கள். வாயைத் திறக்கவே கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் அந்தத் திருநெல்வேலிக்காரருக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது, பக்கத்துக் கட்டிலுக்குக் கோவில்பதாகை கன்னியப்பன் வந்து சேரும் வரைக்கும்.

விடிந்ததிலிருந்து அவன் ஓயவில்லை. பட்டறையில் லேத்து ஓடுவதே தான் குடிக்கும் டீயில்தான் என்றான். மாமனார் செத்த அன்று பாடை தூக்கும்போதும் டம்ளரைக் கீழே வைக்காதவன் தான் என்றான். அப்பேர்ப்பட்டவனுக்கு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததிலிருந்து வெறும் கஞ்சி. அவன் பெண்டாட்டி ராஜம்மா பிளாஸ்க்கும் கையுமாக வாசலில் நிற்கிறாள். வாட்ச்மேன் விடுவதில்லை.

"ஏன்னு கேளு. கேளேன்."

சண்முகசுந்தரம் புருவத்தைத் தூக்கினார்.

"ஆப்பரேசனுக்கு மின்ன டாக்டரு கேட்டாரு, தண்ணி போடுவியான்னு. எங்கூட்ல டீயத்தான் தண்ணின்னுவோம். நான் எங்க சார் போடறேன், எங்கூட்டுக்காரி போடுவா, நான் குடிக்கறதோட சரின்னேன். ஒரு நாளிக்கு எவ்ளோன்னாரு. கணக்கே இல்ல சார், அக்கம்பக்கத்துக்கும் அவதான் ஊத்துறான்னேன்..."

மதுவிலக்கு திரும்ப வந்திருந்த வருஷம் அது. ராஜம்மா சாராயம் காய்ச்சுகிறவள் என்று டாக்டர் முடிவு கட்டிவிட்டார். திறந்து மோந்தாவது பாருங்கம்மா என்று அவள் பிளாஸ்க்கை நீட்டியும், நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டாளாம்.

சண்முகசுந்தரத்துக்குச் சிரிப்பு கிளம்பித் தொண்டைப் புண்ணில் இடித்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. கன்னியப்பன் அதை இரக்கம் என்று எடுத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"உங்கைல சொல்றதுக்கு இன்னா. அவரு எந்தத் தண்ணிய கேட்டாருன்னு அப்பவே பிரிஞ்சிகிச்சி. ஆனா குடிக்கறவனுக்கு மயக்க மருந்து ஜாஸ்தி குடுப்பாங்கன்னு எங்க பட்டறை வேம்புலி சொல்லிகிறான். பாதி அறுக்கச் சொல்ல முயிச்சிகினா இன்னா ஆவறது? அதான் கம்முனு உட்டுட்டேன்."

இப்போது உண்மையைச் சொன்னால், எல்லாக் குடிகாரனும் இதைத்தான் சொல்வான் என்கிறாராம் டாக்டர். ராஜம்மாவைப் போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவார்களோ என்று வேறு பயம்.

"நீ பட்ச்சவன். அவரு வந்தா நீ சொல்லு அண்ணாத்தே."

சரி என்று தலையாட்டினார் சண்முகசுந்தரம்.

டாக்டர் வந்தார். கன்னியப்பனைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே சண்முகசுந்தரத்திடம், "காலையிலேர்ந்து இவன் பேசிக்கிட்டே இருக்கானாமே, நெசமா?" என்றார்.

மனசுக்குள் கோத்து வைத்திருந்த விளக்கத்தோடு சண்முகசுந்தரம் வாயைத் திறந்தார். சைக்கிள் டியூபில் காற்றுப் போகிற சத்தம்தான் வந்தது.

"பேசக் கூடாது. ஆமாவா, இல்லையா? தலைய மட்டும் ஆட்டுங்க."

பொய் சொல்லிப் பழகாத மனிதர். ஆமாம் என்று ஆட்டினார்.

"குடியை நிறுத்தினா இப்படித்தான் பேத்துவான்," என்றார் டாக்டர் நர்ஸிடம். "பிளாஸ்க் வாசலைத் தாண்டக் கூடாது."

கன்னியப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். காலையிலிருந்து ஏங்கிய அமைதி வந்தும் சண்முகசுந்தரத்தால் அதைத் தாங்க முடியவில்லை. மத்தியானம் அவர் மனைவி பஞ்சவர்ணம் கூஜாவில் ஆறவைத்த காப்பி கொண்டுவந்தாள். ஆறியது மட்டும்தான் அவருக்கு ஆகும். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் டம்ளரை அப்படியே அடுத்த கட்டிலுக்கு நீட்டினார்.

ஒரே மடக்கு. கன்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கிடந்தான். நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக விட்டது. வயிற்றைப் பிடித்துக்கொள்ளாமலே ஒருக்களித்து எழுந்து உட்கார்ந்தான்.

"ஆணி அட்ச்சவன் பூட்டான் அண்ணாத்தே," என்றான். தெம்பு வந்த குரல் வார்டு முழுக்கக் கேட்டது. "ஒரு கொறதான். உங்கூட்டு அம்மா தண்ணி கொஞ்சம் ஜாஸ்தியா ஊத்துறாங்க."

வாசல்படி வரைக்கும் போன நர்ஸ் நின்றாள். திரும்பிப் பஞ்சவர்ணத்தின் கூஜாவைப் பார்த்தாள்.

சண்முகசுந்தரம் வாயைத் திறந்தார்.