திருவேங்கடம் வீட்டு ராட்வைலர்

ஆபத்தான நாய் வளர்க்கிறவங்க நகராட்சியில அனுமதி வாங்கியே ஆகணும்னு உங்க நகர் சங்கக் கூட்டத்துல இப்பத்தான் தீர்மானம் போட்டீங்க. நானும் கை தட்டினேன். கையோட ஒரு சின்னக் கதையும் கேட்டுடுங்க... அதுக்குள்ள போண்டா ஆறிடாது.

இதே மாதிரி ஒரு நகர்ல திருவேங்கடம்னு ஒருத்தரு. ரிட்டயர் ஆனவரு. வீட்டுல அவரும் சம்சாரம் கனகவல்லியும்தான். மனுஷனுக்கு யார் மேலயும் நம்பிக்கை கிடையாது. பால் போடுறவன் ஏன் எட்டிப் பார்க்கிறான்? எதிர்வீட்டு டீச்சர் ஏன் சிரிக்கிறாங்க?... சிரிச்சாக்கூடச் சந்தேகம்ங்க.

கேட்டுல ஒரு போர்டு மாட்டினாரு. 'நாய் ஜாக்கிரதை.' கூடவே பல்லைக் காட்டிக்கிட்டு ஒரு ராட்வைலர் படம். யாராவது பெல் அடிச்சா, போன்ல இருக்கிற குரைப்பை ஸ்பீக்கர்ல போடுவாரு. நாய் வாங்கினாரா? அதான் இல்ல. அதுக்குச் சோறு யாரு போடுறது?

அப்பத்தான் நகராட்சி அறிவிப்பு வந்துச்சு. ராட்வைலர் மாதிரி நாய்க்கெல்லாம் அனுமதி வாங்கணும், ஊசி போடணும். சுகாதார ஆய்வாளர் வந்து நாயைக் காட்டுங்கன்னாரு. நாயே இல்லன்னாரு இவரு. தெருவே திரண்டு சாட்சி சொல்லுது, தினம் குரைக்குதேன்னு. ஒருத்தரு கண்ணால பார்த்தேன்னே சொல்லிட்டாரு. அப்ப உள்ள வந்து பார்த்துடறேன்னாரு ஆய்வாளர். இவரு விடுவாரா? வீட்டை நோட்டம் பார்க்க வர்றான்னு கேட்டைச் சாத்திட்டாரு.

மறுநாள் கேட்டுல நகராட்சி நோட்டீஸ். 'இங்கே அனுமதி பெறாத ஆபத்தான நாய் உள்ளது.' இவருக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம். இனி ஒரு பய உள்ள வர மாட்டான்.

ஒரு நாள் காலையில கனகவல்லியம்மா குளியலறையில வழுக்கி விழுந்துட்டாங்க. மண்டையில அடி... ரத்தம். இவரால தனியாத் தூக்க முடியல. ஓடி வந்து கேட்டை விரியத் திறந்தாரு. இவரு போட்ட கூச்சலுக்குத் தெருவே வந்து நிக்குது.

"டீச்சர், என் சம்சாரம் விழுந்துட்டா. கொஞ்சம் வந்து தூக்குங்க."

"முதல்ல நாயைக் கட்டுங்க சார்."

"நாய் இல்லைங்க டீச்சர்."

"இப்பவுமா சார் இப்படிச் சொல்றீங்க? நான் புள்ளகுட்டிக்காரி..."

மனுஷன் அழுதுட்டாரு. ஸ்பீக்கரைக் கொண்டு வந்து, இதுதாங்க நாய்னு போட்டுக் காட்டினாரு. குரைப்புச் சத்தம் கேட்டதும் கூட்டம் இன்னும் பின்னால போயிடுச்சு.

ஒருத்தரு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாரு. இன்னொருத்தரு நகராட்சிக்குப் போட்டாரு. எது முதல்ல வந்துச்சு?... நாய் பிடிக்கிற வண்டி. வலையும் கையுமா வந்தவங்களை இவரு குளியலறைக்கு இழுத்துட்டுப் போனாரு. பார்த்ததும் அவங்களுக்கே பகீர்னு ஆயிடுச்சு. அந்த வலை மேலயே போர்வையை விரிச்சு, அந்தம்மாவைக் கிடத்தி, நாய் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க.

பிழைச்சுட்டாங்க, பயப்படாதீங்க. ஆனா வண்டி கிளம்புறப்போ, கம்பிக் கூண்டுக்குள்ள சம்சாரத்தோட தலையை மடியில வச்சு உட்கார்ந்திருக்கிற மனுஷனைப் பார்த்து டிரைவர் கேட்கிறாரு.

"ஐயா, நாயை எங்க மறைச்சு வச்சிருக்கீங்க?"

சிரிக்கிறீங்க. எனக்குச் சிரிப்பு வரல.

நாய்க்குச் சட்டம் போடுங்க, தாராளமாப் போடுங்க. கடிபட்ட குழந்தைங்களை நானும் பார்த்தவன். ஆனா வர்ற வழியில உங்க தெருவையும் பார்த்தேங்க... எத்தனை போர்டு, எத்தனை கேமரா. யாருக்காக மாட்டியிருக்கீங்க? அந்த டீச்சர் கெட்டவங்களா? இல்லவே இல்ல. இத்தனை நாளா அவரு பயமுறுத்தினாரு, அவங்க பயந்தாங்க, அவ்வளவுதான். தெருவுல ஒருத்தரும் என் வீட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாதுன்னு ஆசைப்பட்டாரு திருவேங்கடம். சம்சாரம் ரத்தத்துல கிடந்த அன்னிக்கு... அந்த ஆசை அப்படியே நிறைவேறிச்சு.